இடாப்பும் மறுபிரதியும்



மன்னார்ப் பெருநிலப்பரப்பிலே, மாந்தை மேற்குப் பிரதேசத்திலே, பாப்பாமோட்டை என்று ஒரு சிற்றூர் உண்டு. மோட்டை என்பது வன்னியிலும் மன்னாரிலும் சிறு குளத்துக்கு வழங்கும் பெயர். மாரியிற் பெய்யும் மழைநீரைத் தேக்கிக் கோடையிற் பயன்கொள்வதற்காக ஏற்பட்டவை இம் மோட்டைகள். குளங்கட்டி வாழும் மக்கள் கட்டைப்பற்றி மட்டும் சிந்திப்பதில்லை, துருசைப்பற்றியும் சிந்திப்பார்கள். கட்டு நீரைக் காக்கின்றது. துருசு அந்த நீரை வேண்டும்பொழுது வயலுக்கு விடுகின்றது. துருசு இல்லாத குளம் நிறைந்திருந்தாலும் பயிர் கருகுவதைத் தடுக்கமாட்டாது. உள்ளே சேர்த்ததை வெளியே எடுப்பதற்கும் ஒரு வழி வேண்டும் என்பதே அதன் கருத்து.

நீருக்கு உரிய இந்த விதி எழுத்துக்கும் உரியது. கணினியில் எழுதிவைக்கும் பதிவேடுகளுக்கு அது பன்மடங்கு உரியது. கணினியின் தரவுத்தளத்திலுள்ள அட்டவணைகளை, அவற்றை ஆளும் மென்பொருளின் உள்ளிருந்தே, எஸ்.கியூ.எல். என்னும் மொழியில் எழுத்தாக வெளியே எடுத்துவைக்கும் முறையே இன்றைய பேச்சின் பொருள். பொருள் புதியது போலத் தோன்றும். ஆனால் அதன் உள்ளே இருக்கும் கவலை மன்னார் மக்களுக்குப் பழக்கமானது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாண முஸ்லிம் மக்கள் தம் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மன்னாரிலிருந்து பலர் புத்தளம் சென்று சேர்ந்தனர். 2008ஆம் ஆண்டுப் போரில் மாந்தை மேற்கின் கிராமங்கள் கிழக்கும் வடக்குமாகப் பெயர்ந்தன. 2009இல் அம்மக்களுட் பலர் செட்டிகுளத்து முகாம்களை அடைந்தனர். பின்னரே மெல்ல மெல்ல ஊர் திரும்பினர். இத்தகைய பயணங்களில் மனிதர் எதைக் கையிலெடுத்துச் செல்வர்? பிள்ளையைத் தூக்குவர், அரிசியை எடுப்பர், பிறகு ஒரு பொலித்தீன் பையிற் சில கடதாசிகளைச் சுற்றி மடியிற் செருகுவர். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி அனுமதிப்பத்திரம், பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியனவே அவை. வழியிலே அந்தப் பை தொலைந்தால், மனிதன் இருந்தும் அவன் இன்னான் என்பதற்குச் சாட்சி இல்லாமற் போகின்றது.

அவ்வாறு தொலைத்தவர்கள் பின்னர் எவ்வாறு மீட்டனர்? வேறோர் இடத்தில் இரண்டாவது பிரதி இருந்தவர்கள் மீட்டனர். பிறப்பு, இறப்புப் பதிவுகளை ஒன்றுக்கு இரண்டாக எழுதி, ஒன்றை மாவட்டத்திலும் மற்றையதைத் தலைநகரத்திலும் வைக்கும் பழைய வழக்கம் பலருக்குக் கைகொடுத்தது. பிரதி இல்லாத பதிவுகள், உதாரணமாக ஒரேயொரு படியாக அலுமாரியில் இருந்த பாடசாலைச் சேர்விடாப்புகள், அலுமாரியோடு போய்விட்டால் போனவைதாம். முகாமிலே மரத்தடியில் அமர்ந்து, ஆசிரியர்களும் பெற்றோரும் நினைவைத் துணைகொண்டு பிள்ளைகளின் வகுப்பையும் வயதையும் மீண்டும் எழுதவேண்டியதாயிற்று.

இப்பொழுது இடாப்புகள் கணினிக்கு மாறி வருகின்றன. கறையான் அரிக்காது, மழை நனைக்காது, நொடிப்பொழுதில் தேடி எடுக்கலாம் என்று பெருமையாகச் சொல்லப்படுகின்றது. அவையெல்லாம் உண்மையே. ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகின்றது. அந்தக் கணினி நாளை எழும்பாவிட்டால் என்ன செய்வது? மென்பொருளைச் செய்து கொடுத்தவர் தொழிலைவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? பழைய அலுமாரி போய், விலையுயர்ந்த புதிய அலுமாரி வந்ததேயன்றி, பிரதி வந்ததா?

இதற்கு விடை காணுமுன், கணினி இடாப்பின் அமைப்பைச் சிறிது அறிதல் நலம். ஒரு சேர்விடாப்பை மனத்தில் எண்ணிக்கொள்க. மேலே தலைப்புகள்: சேர்வெண், பெயர், பிறந்த திகதி, பெற்றோர் பெயர், சேர்ந்த வகுப்பு. கீழே வரிசை வரிசையாகப் பிள்ளைகள். தரவுத்தளத்தில் அட்டவணை என்று சொல்லப்படுவது இதுவே. வரவு இடாப்பு மற்றோர் அட்டவணை. பரீட்சைப் புள்ளிகள் வேறோர் அட்டவணை. மூன்றிலும் பிள்ளையின் பெயரையும் முகவரியையும் திரும்பத் திரும்ப எழுதவேண்டுவதில்லை. சேர்வெண்ணைக் குறித்தாற் போதும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஓர் அட்டவணையிலிருந்து மற்றதற்குச் செல்லலாம்.

இந்த எளிய எண்ணத்தைக் கணித ஒழுங்குடன் வகுத்துத் தந்தவர் எட்கார் கொட் என்னும் ஆங்கிலேயர். ஐ.பீ.எம். நிறுவனத்திற் பணியாற்றிய அவர், 1970ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கட்டுரையில், தரவைப் பயன்படுத்துவோர் அது இயந்திரத்தினுள் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றது என்பதை அறியவேண்டிய தேவை இருத்தலாகாது என்று வற்புறுத்தினார். அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், றேமண்ட் பொய்ஸ் என்னும் இருவர், 1974இல் அட்டவணைகளோடு பேசுவதற்கென ஒரு மொழியை அமைத்தனர். அம்மொழியே இன்று எஸ்.கியூ.எல். எனப்படுகின்றது. 1986இல் அமெரிக்க நியமமாகவும், 1987இல் சர்வதேச நியமமாகவும் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒரு நிறுவனத்தின் உடைமையாக இருந்த மொழி, நியமம் ஆனபின் எல்லார்க்கும் பொதுவாயிற்று. இந்தப் பொதுமையே பிரதியைப்பற்றிய கேள்விக்கு விடை தருகின்றது.

அட்டவணையை எஸ்.கியூ.எல். ஆக ஏற்றுமதி செய்தால், கிடைப்பது ஒரு சாதாரண எழுத்துக்கோப்பு. அதனுள் இருப்பவை கட்டளைகள். முதலாவது கட்டளை, மாணவர் என்னும் பெயரால் ஓர் அட்டவணையை அமைத்திடுக என்று சொல்லும். அதில் சேர்வெண் முழுவெண்ணாக இருக்கவேண்டும், பெயர் இத்தனை எழுத்துக்கு மேற்படலாகாது, பிறந்தநாள் திகதியாகவே இருக்கவேண்டும், ஒரே சேர்வெண் இருவர்க்கு வரலாகாது என்ற விதிகளையும் அதுவே சொல்லும். அடுத்துவரும் கட்டளைகள், மாணவர் அட்டவணையில் இன்ன சேர்வெண், இன்ன பெயர், இன்ன பிறந்த திகதி ஆகியவற்றைப் புகுத்துக என்று ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லிச் செல்லும். வெறுமையான மற்றொரு கணினியில் இந்தக் கோப்பை வாசிக்கச் செய்தால், அது கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றி, பழைய இடாப்பை மீண்டும் எழுப்பித் தந்துவிடும். ஆகவே இந்தக் கோப்பைப் பதிவேட்டின் படம் என்பதிலும், பதிவேட்டை மீண்டும் எழுதும் முறை என்பதே பொருந்தும்.

அச்சிட்டு வைத்தால் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். அச்சுப் பிரதியும் நல்லதே. ஆனால் அதை மீண்டும் கணினியில் ஏற்ற ஒருவர் பல நாள் இருந்து தட்டச்சிடவேண்டும். எக்செல் தாளாக எடுத்துவைத்தால் ஆகாதா என்று வேறு சிலர் கேட்கலாம். அதிலும் ஒரு வழுக்கல் உண்டு. பூச்சியத்தில் தொடங்கும் தொலைபேசி எண்ணை வெறும் எண்ணென்று கருதி, முன்னுள்ள பூச்சியத்தை அது விழுங்கிவிடக்கூடும். மூன்றாம் மாதம் நான்காம் திகதி, நான்காம் மாதம் மூன்றாம் திகதியாக மாறிவிடக்கூடும். பிறந்த திகதி தெரியாத பிள்ளைக்கும், பிறந்த திகதியை எழுத மறந்த பிள்ளைக்கும் ஒரே வெற்றிடம் காட்டப்படும். எஸ்.கியூ.எல். கோப்பிலோ எது எண், எது எழுத்து, எது திகதி, எது அறியப்படாதது என்பது வரையறுத்துச் சொல்லப்பட்டிருக்கும். அட்டவணைகளின் உறவும் உடன் செல்லும்.

பாப்பாமோட்டைக்கு அண்மையில், திருக்கேதீச்சரத்தின் அருகே, பண்டைய மாதோட்டத் துறைமுகம் இருந்தது. மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் கடந்து செல்லுதல் அரிது. ஆதலால் ஒரு கடலில் வந்த சரக்கை அங்கே இறக்கி, மறுகடலிற் செல்லும் கலத்தில் ஏற்றினர் என்று வரலாற்றாசிரியர் கருதுவர். கப்பல் செல்ல முடியாத இடத்திலும் சரக்கு சென்றது. மென்பொருள் கப்பல் போன்றது. தரவு சரக்குப் போன்றது. கப்பலுக்கு வயதாகும், உடையும், கைமாறும். சரக்கை இறக்கி வேறு கலத்தில் ஏற்றத் தெரிந்தவர்க்கு அதனால் அழிவில்லை.

இந்த ஏற்றுமதி மென்பொருளின் உள்ளிருந்தே நடக்கவேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தரவுத்தள வல்லுநர்கள் கட்டளை வரியில் அதைச் செய்யவல்லார். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்துக்கும், போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்துக்கும் அதற்கென்றே தனிக் கருவிகள் உள்ளன. ஆனால் ஒரு கிராமப் பாடசாலையிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ வல்லுநர் இரார். அங்கிருப்பவர் ஓர் எழுதுவினைஞர். அல்லது பாடவேளைக்கு நடுவே இடாப்பை எழுதும் ஓர் ஆசிரியர். அவர் நாள்தோறும் திறக்கும் அதே திரையில், ஒரு பொத்தானை அழுத்தினால் கோப்பு வெளியே வரவேண்டும். 1998இல் ஜேர்மன் மொழி பேசும் இளைஞர் ஒருவர் தொடங்கிய பி.எச்.பி.மைஅட்மின் என்னும் இலவச மென்பொருள் உலகெங்கும் பரவியதற்கு ஒரு காரணம், இத்தகைய ஏற்றுமதியை வலைத்திரையிலேயே இலகுவாக்கியமைதான். எந்த அட்டவணை வேண்டும், அமைப்பு மட்டுமா, உள்ளடக்கமும் சேர்த்தா என்று தெரிந்தெடுத்து, ஏற்றுமதி என்று அழுத்தினாற் போதும்.

ஆகவே புதிய மென்பொருளொன்றை ஒருவர் கொண்டுவந்து காட்டும்பொழுது, நிறமும் வடிவும் பார்த்து மயங்குவதற்கு முன்னர் ஒரு கேள்வியைக் கேட்பது அறிவுடைமை. இதனுள் இட்டதை எல்லாம், வேறொருவர் துணையின்றி, மற்ற மென்பொருள்களும் வாசிக்கக்கூடிய வடிவில் இது திருப்பித் தருமா? தரும் என்றால் வாங்கலாம். தராது என்றால், அது பதிவேட்டை ஏற்றுக்கொள்ளும் அலுமாரியன்று. பதிவேட்டைப் பணயமாக வைத்துக்கொள்ளும் பெட்டி.

இலங்கையிற் பிறந்த ஒரு மென்பொருள் இவ்விடயத்தில் எடுத்துக்காட்டாக விளங்குகின்றது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இந்நாட்டின் கரைகளைத் தாக்கி, 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே உதவுகின்றது என்பவற்றைக் கடதாசியில் எழுதி முடியாத நிலை ஏற்பட்டது. அப்பொழுது லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பைச் சூழ்ந்த தொண்டர்கள் சில நாட்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதி எழுப்பினர். அதற்குச் சகன என்று பெயரிட்டனர். சிங்களத்தில் அச்சொல் ஆறுதல், நிவாரணம் என்னும் பொருளைத் தருவது. பி.எச்.பி. மொழியிலும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலும் அமைந்த அதனை யாவரும் எடுத்துப் பயன்படுத்தத் தடையின்றி விட்டனர்.

அடுத்த ஆண்டு, 2005 ஒக்டோபரில், பாகிஸ்தானில் நிலநடுக்கம் ஏற்பட்டபொழுது சகன அங்கே சென்றது. 2006இல் பிலிப்பைன்சின் மண்சரிவுக்கும், இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்துக்கும் சென்றது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நலப் பணிக்கென வழங்கும் 2006ஆம் ஆண்டு விருது அதற்குக் கிடைத்தது. இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. அம்பாறையிலும் காலியிலும் காணாமற்போனோரின் பெயர்கள் பாகிஸ்தானுக்குச் செல்லவேண்டியதில்லை, செல்லவுங்கூடாது. சென்றது இடாப்பின் அமைப்பு. காணாமற்போனவரை எந்தத் தலைப்புகளின் கீழ் எழுதுவது, முகாமையும் மனிதரையும் எவ்வாறு இணைப்பது என்ற அனுபவம் வெற்று அட்டவணையாகச் சென்றது. ஏற்றுமதியில் அமைப்பு மட்டும் என்றொரு தெரிவு இருப்பதன் அருமை இதிலே விளங்கும். ஓர் ஊர் துன்பப்பட்டுக் கற்ற ஒழுங்கை, துன்பப்பட்டவர்களின் பெயரை வெளியிடாமலே, மற்றோர் ஊருக்கு வழங்கலாம்.

இனி, இந்த வேலையிற் சில நுணுக்கங்கள் உள. தமிழில் இடாப்பு வைப்போர் அவற்றை அறியாவிடின் இடர்ப்படுவர்.

முதலாவது எழுத்து. இலங்கையில் நெடுங்காலம் தமிழ்த் தட்டச்சு பாமினி என்னும் எழுத்துருவில் நிகழ்ந்தது. திரையிலே தமிழ் தெரிந்தாலும், கணினியின் உள்ளே இருந்தவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே. அத்தகைய தரவை ஏற்றுமதி செய்து, அந்த எழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால், மாணவர் பெயருக்குப் பதிலாகப் பொருளற்ற கோலங்கள் நிற்கும். யுனிக்கோட் நியமத்தில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அந்த முறையில் எழுதப்பட்ட தரவுக்கு இந்த இடர் இல்லை. ஆயினும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை, இலத்தீன் எழுத்துகளுக்குரிய முறையையே இயல்பு முறையாகக் கொண்டிருந்தது. பழைய தரவுத்தளத்திலிருந்து கவனமின்றி எடுத்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளின் வரிசையாக வெளிவரும். கேள்விக்குறி ஆனபின் மீட்சி இல்லை. அந்தக் குறிகளிலிருந்து பெயரைக் கண்டுபிடிக்க எந்த இயந்திரத்தாலும் ஆகாது. ஆதலின் கோப்பு வந்தவுடன் அதனைத் திறந்து, தமிழ் தமிழாக இருக்கின்றதா என்று கண்ணாற் காணல் வேண்டும்.

இரண்டாவது குறியீடு. எஸ்.கியூ.எல். மொழியில் எழுத்துச் சொற்கள் ஒற்றை மேற்கோளுக்குள் அடைக்கப்படும். மன்னாரிலோ ஆங்கிலத்தில் எழுதுங்கால் நடுவே மேற்கோள் போன்ற ஒரு குறி வரும் டி குரூஸ் முதலிய குடும்பப் பெயர்கள் உண்டு. பெயரின் நடுவிலுள்ள குறியைக் கண்டு, பெயர் முடிந்துவிட்டது என்று கணினி எண்ணினால், அந்த வரியிலிருந்து எல்லாம் குழம்பும். நல்ல ஏற்றுமதிக் கருவி அக்குறியை இரட்டித்து எழுதியோ, அடையாளமிட்டோ பாதுகாக்கும். தாமே மென்பொருள் எழுதும் இளைஞர் அடிக்கடி தவறும் இடம் இது.

மூன்றாவது ஒழுங்கு. புள்ளி அட்டவணை சேர்வெண்ணை நம்பி நிற்பது. மாணவர் அட்டவணை எழுமுன்னரே புள்ளிகளைப் புகுத்த முயன்றால், இந்தச் சேர்வெண்ணில் யாரும் இல்லையே என்று தரவுத்தளம் மறுத்துவிடும். தாயை முதலில் அமைத்துப் பின்னர் பிள்ளையை அமைக்கவேண்டும். அல்லது ஏற்றி முடியும்வரை அந்தச் சோதனையை நிறுத்திவைக்கவேண்டும்.

நான்காவது பொழுது. ஒருவர் ஏற்றுமதி செய்துகொண்டிருக்கையில் மற்றொருவர் புள்ளிகளைத் திருத்திக்கொண்டிருந்தால், பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு பிரதி உண்டாகிவிடும். தொடங்கிய கணத்தில் எல்லா அட்டவணைகளும் இருந்தவாறே எடுக்கும் வசதி நல்ல கருவிகளில் உண்டு. அது இல்லாவிடின் மற்றவர்கள் வேலை முடித்து எழுந்தபின் எடுப்பதே முறை.

ஐந்தாவது வழக்கு. மன்னார்ப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் ஒரே தமிழேயாயினும் சில சொற்கள் வேறுபடுவதுபோல, ஒவ்வொரு தரவுத்தளமும் எஸ்.கியூ.எல். மொழியைச் சிறிது தன் போக்கிற் பேசும். ஒன்றிலிருந்து எடுத்த கோப்பு மற்றொன்றிற் சில திருத்தங்களோடுதான் ஏறும். ஆனால் அது எழுத்தாக இருப்பதால், அறிந்த ஒருவர் வாசித்துத் திருத்தலாம். வாசிக்கவியலாத இரும வடிவிற் பூட்டிய கோப்பில் அந்த வாய்ப்புக் குறைவு.

இவற்றையெல்லாம் அறிந்தவர்களும் வழுக்கியதுண்டு. 2017 ஜனவரி 31ஆம் திகதி, கிற்லாப் என்னும் உலகப் பெயர்பெற்ற மென்பொருள் நிறுவனத்திலே, இரவு நெடுநேரம் உழைத்துக் களைத்த பொறியியலாளர் ஒருவர், வேறொரு கணினி என்று எண்ணி, மெய்யான தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். பிரதி எடுக்க அந்நிறுவனத்தில் பல ஏற்பாடுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, தரவுத்தளத்தை நாள்தோறும் ஏற்றுமதி செய்துவைக்கும் ஏற்பாடு. போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பு, ஏற்றுமதிக் கருவியோ 9.2 பதிப்பு. பதிப்புப் பொருந்தாமையால் ஏற்றுமதி ஒவ்வொரு நாளும் தோற்றுவந்தது. தோற்றதை அறிவிக்கும் மின்னஞ்சலும் உரியவரை அடையவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன்னர் வேறு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு பிரதியே அவர்களைக் காப்பாற்றியது. அந்த நிறுவனம் தன் தவறு முழுவதையும் மறைக்காமல் உலகுக்கு எழுதி வெளியிட்டது. அது போற்றத்தக்க நேர்மை.

இலங்கையிலும், 2023 ஓகஸ்ட் மாதத்தில், அரசாங்கத்தின் இணைய முகிற் சேவையைத் தீய மென்பொருள் தாக்கியது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்களுக்குத் தனியே பிரதி இல்லாமையால் அவை மீளவில்லை. தென்கொரியாவின் டேஜோன் நகரில், 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி, அரசின் தரவு நிலையத்தில் மின்கல அறை தீப்பற்றியது. அலுவலர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த 858 டெராபைற் கொள்ளளவுத் தொகுதி ஒன்று முற்றாக அழிந்தது. அளவிற் பெரிதாய் இருந்தமையால் அதற்கு வெளியே பிரதி வைக்கவில்லை என்று சொல்லப்பட்டது. செல்வமும் கல்வியும் நிறைந்த நாடு அது. இடர் வந்த இடத்தில் இரண்டாம் பிரதி இல்லையாயின், செல்வம் என்ன செய்யும்?

இங்கே சிற்றூருக்கு ஓர் ஆறுதல் உண்டு. நானூறு பிள்ளைகளின் சேர்விடாப்பை எஸ்.கியூ.எல். ஆக எழுதினால், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற் வீதம் கணக்கிட்டாலும், கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராது. அளவு பெரிது என்ற சாக்கு அங்கே செல்லாது. விரலளவான ஒரு நினைவுக்குச்சியில் ஓர் ஊரின் பள்ளி வரலாறு முழுவதும் அடங்கும்.

அடங்கும் என்பதே மற்றோர் அச்சத்துக்கும் காரணமாகும். எளிதில் எடுத்துச் செல்லத்தக்கது எளிதிற் களவும் போகும். 1983 ஜூலைக் கலவரத்தின்போது கொழும்பிலே வீடுகளை இனங்காண்பதற்கு வாக்காளர் இடாப்புகள் பயன்பட்டன என்பதை இந்நாட்டார் மறக்கவியலாது. பெயர்ப்பட்டியல் ஒன்று நல்லார் கையிற் பாதுகாப்பு. தீயார் கையில் ஆயுதம். ஆகவே ஏற்றுமதி செய்யும் உரிமை மென்பொருளில் எல்லார்க்கும் இருத்தலாகாது. யார், எப்பொழுது எடுத்தார் என்பது பதியப்படவேண்டும். கோப்பைக் கடவுச்சொல்லாற் பூட்டி மறைகுறியாக்கி வைக்கவேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பொறுப்பைச் சட்டக் கடமையாகவே வகுத்துள்ளது. மேலும், எஸ்.கியூ.எல். கோப்பு கட்டளைகளின் தொகுதி என்பதை மறத்தலாகாது. முன்பின் அறியாதவர் தந்த கோப்பை ஏற்றுவது, முன்பின் அறியாதவரின் கட்டளைக்குப் பணிவதாகும். இருக்கும் அட்டவணையை அழித்திடுக என்பதும் அதனுள் ஒரு வரியாக இருக்கக்கூடும்.

இனிச் செய்யத்தக்கவை யாவை? கணினிப் பதிவேடு வைத்திருக்கும் எந்தப் பாடசாலையும், ஆலயமும், சங்கமும் நான்கு காரியங்களைச் செய்யலாம். மாதம் ஒருமுறையேனும், பிள்ளைகள் சேரும் தைமாதத்திலும் பரீட்சை முடிந்த பின்னும் தவறாமலும், ஏற்றுமதி செய்க. கோப்பின் பெயரிலே திகதியை எழுதுக. மூன்று பிரதி வைத்திருக்க. அவற்றை இருவகைச் சாதனங்களில் வைத்து, ஒன்றையாவது வேறு ஊரில் வைக்க. பாப்பாமோட்டையின் பிரதி மன்னார் நகரில் இருக்கலாம். மன்னாரின் பிரதி வவுனியாவில் இருக்கலாம். வெள்ளம் வந்தாலும் தீ வந்தாலும் எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் வருதல் அரிது. மூன்றாவதாக, கோப்புக்கும் சாவிக்கும் பொறுப்பானவர் இருவராக இருக்க. ஒருவர் இடமாற்றம் பெற்றால் மற்றவர் அறிவார்.

நான்காவதே தலையாயது. தவணைக்கு ஒருமுறை, வேறொரு கணினியில், அந்தக் கோப்பை ஏற்றிப் பார்க்கவேண்டும். அட்டவணைகள் அத்தனையும் எழுந்தனவா? பழைய இடாப்பில் 417 வரிகள் என்றால் புதியதிலும் 417 உண்டா? முதற் பிள்ளையின் பெயரும் கடைசிப் பிள்ளையின் பெயரும் பிழையின்றித் தெரிகின்றனவா? இதற்கு அரைமணி நேரம் போதும். மீட்டுப் பார்க்காத பிரதி, முளைக்குமா என்று பாராமற் கோணியிற் கட்டிவைத்த விதைநெல் போன்றது. விதைக்கும் நாளிலே அதன் குறையை அறிவதாற் பயன் இல்லை.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, தொட்டால் ஒடியும் ஏடுகளைத் தேடி அலைந்து, ஒப்புநோக்கி, தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஏடு என்னும் கலம் உடையுமுன் எழுத்து என்னும் சரக்கைக் காகிதக் கலத்துக்கு மாற்றிய பெரும்பணி அது. அவருக்கு முன்னர், பெயர் தெரியாத எத்தனையோ பேர், நூறாண்டுக்கு ஒருமுறையேனும் பழைய ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதிவந்தமையாலேயே அவர் கைக்கு அந்த ஏடுகள் எட்டின. எவரும் பார்த்தெழுதாத நூல்கள் பெயரளவில் நின்றன. பல, பெயருமின்றிப் போயின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபொழுது, அங்கே ஒரே பிரதியாய் இருந்த சுவடிகளும் இந்த வரிசையிற் சேர்ந்தன.

பாப்பாமோட்டையிலே ஒரு சிறுமி இன்று முதலாம் வகுப்பிற் சேர்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பெயர் ஒரு வரியாகத் தரவுத்தளத்திற் புகுகின்றது. பதினைந்து ஆண்டின் பின் பல்கலைக்கழக அனுமதிக்கோ, வேலைக்கோ, வேறோர் ஊரிலிருந்து அவள் அந்த ஒரு வரியைத் தேடி வருவாள். அதற்குள் கணினி மாறியிருக்கும், மென்பொருள் மாறியிருக்கும், அதிபரும் மாறியிருப்பார். அந்த வரியை மாத முடிவிலே ஒருவர் எழுத்தாக வெளியே எடுத்து, வேறோர் இடத்தில் வைத்து, மீண்டும் எழுகின்றதா என்று பார்த்திருந்தால், அவள் வெறுங்கையுடன் திரும்பமாட்டாள்.